ஆலங்கால் யாருடையது

நவம்பர் 3, திங்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. 'ல' படுத்துக்கொள்கிறது. 'ண' அடுத்த வரியில் காலை வைத்துவிடுகிறது. அறுபது வருடம் படகுக் கழி பிடித்த கை இது. பேனாவையும் கழி என்று நினைத்து இறுக்குகிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும்.

என் பெயர் துலுக்காணம். வயது எழுபத்தொன்று. ஊர் நெடுந்திட்டுக்குப்பம், ஏரிக்கரை. வீட்டில் மகன் தேசிங்கும் மருமகள் கன்னியம்மாவும் இருக்கிறார்கள். போன மே மாதம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் முதியோர் வகுப்பு தொடங்கினார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். "வாரம் ஒரு பக்கம் எழுதுங்க. நான் பக்கத்தை எண்ணிப் பாப்பேன், படிக்க மாட்டேன்" என்று அமலோற்பவம் டீச்சர் சொல்லியிருக்கிறார்.

இன்று எனக்கு 'ழ' சரியாக வந்தது. வாயில் வராதது கையில் வந்துவிட்டது! பஸ்ஸின் நெற்றியில் 'பொன்னேரி' என்று படித்தேன். மாத்திரை அட்டையில் 'உணவுக்குப் பின்' என்று படித்தேன். இத்தனை வருடம் முன்னால் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பாடு பற்றி எழுதுகிறேன். டீச்சர் வெளியூர்க்காரர். ஒருவேளை படித்துவிட்டால் அவருக்குப் புரிய வேண்டும்.

கடலும் ஏரியும் கலக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஆலங்கால் என்று ஒரு நீரோட்டம் இருக்கிறது. இறால் அந்த வழியாகத்தான் வரும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஊரில் அறுபத்து மூன்று தலைக்கட்டு, அதாவது அறுபத்து மூன்று குடும்பம். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு சிப்பி. எங்கள் சிப்பியில் மூன்று கீறல், என் அப்பா கீறியது. எல்லாச் சிப்பியையும் பானையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எந்த வரிசையில் உன் சிப்பி வருகிறதோ, அந்த நாள் ஆலங்கால் உன்னுடையது. மறுநாள் விடிந்தால் அடுத்தவனுடையது.

இப்போது இறால் காலம். வரும் 27ஆம் தேதி வியாழக்கிழமை புதுக் குலுக்கல். நல்ல நாள் விழுந்தால் அந்த ஒரு நாளை வைத்து வீடு அரை வருடம் ஓடும்.

நவம்பர் 6, வியாழன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில் எழுதக் கூடாது என்று டீச்சர் சொன்னார். எழுதுவேன்.

காலையில் தபால்காரர் வந்து, "துலுக்காணம் யாருப்பா? ரிஜிஸ்டர் தபால்" என்றார். வாழ்நாளில் எனக்கு வந்த முதல் கடிதம். அவர் மைப்பெட்டியைத் திறந்தார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "அடேங்கப்பா" என்றார். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது.

கடிதத்தை வலைப் பந்தலுக்கு எடுத்துப் போனேன். இருபது பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். 'உயர்திரு துலுக்காணம் அவர்களுக்கு' என்பதற்கே நேரம் பிடித்தது. 'தங்களுக்குச் சொந்தமான ஆலங்கால் நீர்ப்பகுதியில் படகுத்துறை அமைக்கத் தங்கள் இசைவை வேண்டுகிறோம்.' 'அங்கே அனுமதியின்றி வலை கட்டும் அறுபத்திரண்டு பேரை அப்புறப்படுத்த உதவி செய்வோம்.' ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. பந்தலில் ஊசி நின்றுவிட்டது. நான் படிக்கிற அழகில்தான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். கடைசி வரியை முடித்துவிட்டுச் சிரித்தேன்கூட.

ஊர்த் தலைவர் கஜபதி எழுந்தார். "இன்னா துலுக்காணம், ஏரிய எப்போ வாங்கின?"

அப்போதுதான் எனக்குள் அர்த்தம் இறங்கியது. அதுவரை எழுத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

"நாங்க அறுபத்திரண்டு பேரு உன் தண்ணில திருட்டு வலை கட்டினு கீறோமா?" என்று ஒருவன் கேட்டான். "நெட்ல போட்டுகீது" என்று இன்னொருவன் போனை நீட்டினான். ஏரியின் படம். ஆலங்கால் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தொட்டால் 'உரிமையாளர்: துலுக்காணம்'.

எவன் எழுதினான் இதை? கடிதம் அனுப்பிய கம்பெனியின் பெயரை நான் எழுத மாட்டேன். என் நோட்டில் அவர்களுக்கு இடமில்லை.

நவம்பர் 8, சனி

பஞ்சாயத்து கூடியது. என்னை நிற்க வைத்தார்கள். எழுபத்தொரு வயதுக்காரனை! ஊரை நான் விற்கப் பார்த்தேனாம். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள் சொல்கிறார்கள்.

கஜபதி பானையைக் கவிழ்த்து எங்கள் சிப்பியைத் தேடி எடுத்தார். "நெட்டுக்கு இத எழுதிக் குடுத்தது யாருன்னு தெரியற வரைக்கும் இது என் மடியில இருக்கும். பானைக்குப் போவாது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"குலுக்கலுக்குள்ள தெரிஞ்சுக்கோ."

தேசிங்கு பந்தல் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வலை வாங்கக் கடன் கேட்டிருந்தான்; இனி எதை நம்பிக் கேட்பான்?

நவம்பர் 9, ஞாயிறு

கன்னியம்மா சுறாப்புட்டு செய்தாள். யாரும் சாப்பிடவில்லை. பூனை சாப்பிட்டது.

நவம்பர் 12, புதன்

கஜபதி கூப்பிட்டு, அந்த நெட் வேலையைச் செய்கிற ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். மரகதவல்லி மேடம். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஜூலையில் அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் ஃபாரம் கொடுத்து, ஏரியில் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று வாங்கினார்களாம்.

நான் கேட்டேன்: "அறுபத்திரண்டு பேரு அனுமதியில்லாம வரான்னு எந்த மவராசன் எழுதினான்? அதச் சொல்லும்மா மொதல்ல."

"அத யாரும் எழுதல, ஐயா. கம்ப்யூட்டர் அதுவாவே முடிவு பண்ணிச்சு."

பந்தல் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். நெட்டில் கோடிக்கணக்கான எழுத்து கிடக்கிறது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. இறால் என்பது உயிரா, ஊரா, ஆள் பெயரா என்று அதற்குத் தெரியாது. அதனால் மனிதர்கள் உட்கார்ந்து எது எதன் வகை, எது எதற்குள் அடங்கும், எது யாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள். "வலை மாதிரி, ஐயா" என்றார்.

வலையாம்! வலையைத் தொட்டுப் பார்த்திருப்பாரா?

"இறால் உவர்தண்ணியில வாழும்னு ஒரு முடிச்சு. ஆலங்கால் உவர்தண்ணின்னு இன்னொரு முடிச்சு. ரெண்டையும் குடுத்துட்டா, ஆலங்கால்ல இறால் இருக்கலாம்னு நாம சொல்லாமலே அது கண்டுபிடிச்சுக்கும். அதுதான் இதோட பலம்."

"சரிம்மா. எம்பேரு எங்க வந்துது?"

"உரிமையாளர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல உங்க பேர் இருந்துச்சு. வலை கட்டறவங்க எத்தனைன்ற கட்டத்துல அறுபத்து மூணுன்னு இருந்துச்சு. ஒரு எடத்துக்கு உரிமையாளர் ஒருத்தர்னா அது தனியார் எடம். தனியார் எடத்துக்குள்ள மத்தவங்க வரணும்னா அவர் அனுமதி வேணும்னு முன்னாடியே முடிஞ்சு வச்சிருந்தோம். அனுமதின்னு எங்கயும் எழுதல. அதனால மத்தவங்க எல்லாரும் அத்துமீறினவங்கன்னு அது நெனச்சுக்கிச்சு."

"அது இன்னா நெனைக்கிறது? அதுக்கு வயிறு கீதா, பசி கீதா? அறுபத்து மூணு வூட்டு அடுப்ப ஒரு கட்டத்துல போட்டு மூடிட்டீங்களே!"

கத்தினேன். அவர் கோபப்படவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

கஜபதி கேட்டார்: "யாரு எழுதினதுன்னு காட்ட முடியுமா மேடம்?"

"மூல ஃபாரமெல்லாம் ஆபீஸ்ல கட்டுக் கட்டா இருக்கு. செவ்வாய்க்கிழமை எடுத்துட்டு வர்றேன். கையெழுத்தப் பாத்தாலே தெரிஞ்சுடும்."

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதிப் பார்த்தேன்; உடனே அடித்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

பழைய தாளில் பேனாவால் எழுதியதை அழிக்க முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். எதற்கு என்றார். சும்மாதான் கேட்டேன் என்றேன்.

நவம்பர் 15, சனி

நோட்டிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான்தான் எழுதினேன்.

ஜூலையில் ஒரு நாள் வகுப்பில் அந்த ஃபாரத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நழுவினார்கள். நான் எடுத்தேன். இடத்தின் பெயர் என்ற கட்டத்தில் ஆலங்கால் என்று எழுதினேன். மீன் என்ற கட்டத்தில் இறால், மடவை, நண்டு. வலை கட்டுவோர் எத்தனை என்ற கட்டத்தில் அறுபத்து மூன்று. அடுத்த கட்டத்தில் 'உரிமையாளர்' என்று அச்சடித்திருந்தது. அன்றைக்கு ஆலங்கால் என் பாடு. விடியற்காலையில் தேசிங்கு அங்கேதான் வலை கட்டியிருந்தான். அன்று யாரைக் கேட்டாலும் 'ஆலங்கால் இன்னைக்குத் துலுக்காணத்துது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். 'இன்னைக்கு' என்பதற்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

இதுவும் முழு உண்மையில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. என் பெயரை எழுதிப் பார்க்க அதுவரை யாரும் எனக்கு ஒரு இடம் கொடுத்ததில்லை. கைநாட்டு வைக்கத்தான் இடம் கொடுத்தார்கள். ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

ஆறாம் தேதி போனில் அந்தச் சிவப்புப் புள்ளியில் என் பெயரைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'எவன் எழுதினான்' என்று எழுதினேன்.

சாயங்காலம் தேசிங்கிடம் சொன்னேன். படகின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தான். கை நிற்கவே இல்லை.

"இன்னா நைனா இது. நீ கைநாட்டா இருந்தப்போ நாம நிம்மதியா இருந்தோம்."

"படிக்கறது தப்பாடா?"

"படிச்சது தப்பில்ல. பஞ்சாயத்துல நின்னு ஒண்ணும் தெரியாதுன்னியே, அத இன்னான்றது? எம்மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

நான் கத்த வாயெடுத்தேன். கத்துவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு என் மேல்தான் கோபம். ஆனால் என்னை நானே எப்படித் திட்டுவது? நோட்டில்தான் முடியும். துலுக்காணம், நீ பொய்யன். துலுக்காணம், நீ பொய்யன். இரண்டு தடவை எழுதியாயிற்று. இரண்டாவது தடவை பெயர் கொஞ்சம் நேராக வந்திருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

மேடம் கட்டோடு வந்தார். ஊரே பந்தலில் இருந்தது. அவர் கயிற்றை அவிழ்க்கிறதற்குள் எழுந்துவிட்டேன்.

"அவுக்காதம்மா. நான்தான் எழுதினேன்."

உடனே எல்லாரும் பேசினார்கள். என் வயதுக்காரன் எத்திராசு, "நடிப்புக்காரண்டா இவன்" என்று துண்டை உதறினான். கஜபதி மடியைத் தொட்டுக்கொண்டார். சிப்பி அங்கேதான் இருந்தது.

மேடம் நடுவில் புகுந்தார். "அவர் மேல மட்டும் தப்பில்லீங்க. எங்க ஃபாரத்துல முறைன்னு ஒரு கட்டமே கெடையாது. சொந்தம்ன்ற ஒரு முடிச்சத் தவிர எங்களுக்கு வேற தெரியல."

"தெரியலன்னா கேக்கணும்! கேக்காம எதுக்குக் கட்டம் போட்டீங்க?" என்றேன். எனக்காகப் பேசியவரைத்தான் திட்டினேன். அவர் தலையாட்டி, கம்ப்யூட்டரை மடியில் விரித்தார். "இப்ப கேக்கறேன். பாடுன்றது எடமா, நாளா, ஆளா?"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எடம் என்றான் ஒருவன். நாள்தான் என்றார் கஜபதி. எத்திராசு, "சிப்பிதான்யா பாடு" என்றான்.

"மூணும் சேந்தாத்தான் பாடு" என்றேன். "எடம் ஊருது. நாள் சிப்பி சொல்றது. ஆளு தலைக்கட்டு. ஒண்ண உருவினா மத்ததும் பூடும்."

அவர் விரல் வேகமாக ஓடியது. என்னால் ஒரு வார்த்தை எழுதுவதற்குள் அவர் ஒரு பக்கம் அடித்துவிடுகிறார். பொறாமையாக இருந்தது.

"பாடு எப்ப முடியும்?"

"மறுநாள் விடிஞ்சா முடியும்."

"ஒருத்தர் பாட்ட இன்னொருத்தருக்கு விக்கலாமா?"

"செருப்பு பிஞ்சுடும்" என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

"அதையும் அப்படியே போடவா?" என்றார் மேடம். முதல் தடவையாக ஊர் அவரோடு சேர்ந்து சிரித்தது.

"நாள் வந்தப்போ ஒடம்பு சரியில்லன்னா?"

"பங்காளி கட்டுவான். மீனு இவன் வூட்டுக்குப் போவும்."

இப்படி மூன்று மணி நேரம் ஓடியது. அறுபத்து மூன்று தலைக்கட்டின் பெயரையும் கஜபதி சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டார். அவர் கேட்க, நாங்கள் சண்டை போட்டு ஒரு பதிலுக்கு வருவோம். எங்களுக்கே தெரிந்த ஒன்றைச் சொல்ல இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. மீனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வருமா?

கடைசியில் மேடம் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "இப்ப அதையே கேப்போம். ஆலங்கால யார் விக்கலாம்?"

திரையில் எழுத்து வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து படித்தேன். 'யாரும் இல்லை.'

"இத யாரு எழுதினது மேடம்?" என்றார் கஜபதி.

"யாரும் எழுதல. நீங்க சொன்ன முடிச்சுகள வச்சு அதுவே சொல்லுது."

"படகுத்துறை கட்ட யாரு சம்மதம் வேணும்னு கேளு" என்றேன்.

அறுபத்து மூன்று பெயர் வந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். அவரவர் பெயர் வரும்போது அவரவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எத்திராசு, "இன்னொரு வாட்டி படி" என்றான். படித்தேன். என் பெயர் நாற்பத்தொன்றாவதாக இருந்தது. எனக்கு அது போதும்.

முடிந்தது என்று எழுந்தபோது மேடம் ஒரு தாளை நீட்டினார். "இன்னும் ஒரே ஒரு கட்டம், ஐயா. இது யார் சொன்ன தகவல்னு இருக்கணும். பின்னாடி யாராவது மறுத்தா யாரக் கேக்கறதுன்னு தெரியணும்."

கட்டத்தின் மேல் 'சொன்னவர்' என்று இருந்தது. காலியான கட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஊருன்னு போட்டுக்கோம்மா. எம்பேரு எந்தக் கட்டத்துலயும் வேணாம்."

பின்னாலிருந்து தேசிங்கு வந்தான். மூன்று நாளாக என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன்.

"தப்பா எழுதினப்போ தனியாத்தான எழுதின? சரியா சொல்றப்போ மட்டும் ஊராயிடுமா? எழுது நைனா. ஏரி உன்னுது இல்ல. சொன்ன சொல்லு உன்னுதுதான்."

எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. 'ண' வழக்கம்போலக் காலை நீட்டிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதன் கீழே கஜபதி கைநாட்டு வைத்தார். அதன் கீழே எத்திராசு. அதன் பிறகு கட்டம் போதாமல் தாளின் பின்பக்கம் போனார்கள்.

நவம்பர் 20, வியாழன்

கம்பெனிக்குப் பதில் எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். முதல் தாளில் திட்டு அதிகம் என்று தேசிங்கு சொன்னான். இரண்டாவதில் இன்னும் அதிகம் என்றான். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஆலங்கால் எனக்குச் சொந்தமில்லை. சொந்தம் என்று எழுதியது என் தவறு. உங்களுக்குச் சம்மதம் வேண்டுமென்றால் அறுபத்து மூன்று கடிதம் எழுதுங்கள். அறுபத்து மூன்று முறை இல்லை என்று பதில் வரும்.' திட்டாமல் எழுதுவதற்குத்தான் அதிகக் கோபம் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

கஜபதி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "எழுதினது தெரியாம பண்ணது. உட்டுடலாம். பஞ்சாயத்துல பொய் சொன்னதுக்குத் தண்டனை உண்டு."

"சொல்லுங்க."

"இனிமே ஊருக்கு வர்ற ஒவ்வொரு கடுதாசியையும் பந்தல்ல எல்லாருக்கும் முன்னால நீதான் படிக்கணும். ஒரு எழுத்து உடக் கூடாது. படிச்சிட்டு அர்த்தமும் சொல்லணும். அர்த்தம் சொல்லாம சிரிச்சீன்னா தலைக்கட்டு போச்சு."

தண்டனையைக் கேட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கன்னியம்மா உள்ளே போய்ச் சிரித்தாள்.

அவர் மடியிலிருந்து சிப்பியை எடுத்தார். என் கையில் தரவில்லை. தேசிங்கின் கையில் வைத்தார். தேசிங்கு அதைத் துண்டில் துடைத்துவிட்டு என்னிடம் காட்டினான். என் அப்பா போட்ட மூன்று கீறலும் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்சம் வெறும் இடம் இருக்கிறது. ஆறு எழுத்து தாராளமாகப் பிடிக்கும். கை துறுதுறுத்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. அவர்கள் மேல் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். வரும் வியாழன் காலையில் பானையைக் குலுக்குகிறார்கள். எங்கள் சிப்பி உள்ளே விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, எந்த நாள் விழுந்தது என்று அன்றைக்கே இதில் எழுதி வைக்கிறேன்.